சிறார் நீதி வாரியத்தில் சமூகப் பணியாளர்: சட்டம் தரும் அதிகாரம் என்ன, தொழில் அறம் கோரும் பொறுப்பு என்ன?

புனே: மகாராஷ்டிர மாநிலம் புனேயில் இரு இளம் மென்பொருள் பொறியாளர்களின் உயிரைப் பறித்த சொகுசுக் கார் விபத்து வழக்கில், சிறார் நீதி வாரியத்தின் இரண்டு சமூகப் பணியாளர் உறுப்பினர்களின் நியமனத்தை மாநில அரசு 2024 அக்டோபரில் ரத்து செய்தது. சட்டம் தங்களுக்கு வழங்கிய அதிகாரத்தை அவர்கள் தவறாகப் பயன்படுத்தியதாக விசாரணையில் கண்டறியப்பட்டதை அடுத்து இந்த நடவடிக்கை எடுக்கப்பட்டது.

காரை ஓட்டிய சிறுவன், இரத்த மாதிரி மாற்றப்பட்டதாக எழுந்த புகார், கைதான மருத்துவர்கள் ஆகியவை குறித்து நாடு முழுவதும் விரிவாகப் பேசப்பட்டது. ஆனால் சமூகப் பணியாளர் ஒருவர் நீதிபதிக்கு இணையான இருக்கையில் அமரும்போது அவரைக் கட்டுப்படுத்தும் விதிகள் எவை, அவர் தவறினால் கேள்வி கேட்பவர் யார் என்ற வினாக்கள் போதிய கவனம் பெறவில்லை. அவற்றுக்கான விடைகளை இக்கட்டுரை விளக்குகிறது.

நடந்தது என்ன?

கராடி, விமான் நகர், கல்யாணி நகர், எரவாடா ஆகியவை புனேயின் கிழக்குப் பகுதியில் அடுத்தடுத்து அமைந்த பகுதிகள். கராடியில் உள்ள தகவல் தொழில்நுட்ப வளாகங்களில் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள் உள்பட நாட்டின் பல மாநில இளைஞர்கள் பணிபுரிகின்றனர். 2024 மே 19 ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் கல்யாணி நகரில் அதிவேகமாக வந்த போர்ஷே கார் மோதியதில், இருசக்கர வாகனத்தில் சென்ற இருவர் உயிரிழந்தனர். இருவரும் மத்தியப் பிரதேசத்தைச் சேர்ந்த தகவல் தொழில்நுட்பப் பொறியாளர்கள். காரை ஓட்டியவருக்கு வயது 17. அவர் மது அருந்தியிருந்ததாகக் காவல் துறை குற்றம்சாட்டியது.

அன்றைய தினமே சிறார் நீதி வாரியத்தின் சமூகப் பணியாளர் உறுப்பினர் ஒருவர் முன் அச்சிறுவன் முன்னிறுத்தப்பட்டார். சில மணி நேரத்தில் பிணை வழங்கப்பட்டது. சாலை விபத்துகள் குறித்து 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும், போக்குவரத்து விதிகளைப் படிக்க வேண்டும், மதுப் பழக்கம் தொடர்பாக மனநல ஆலோசனை பெற வேண்டும் என்பன பிணை நிபந்தனைகளில் அடங்கும்.

"இரண்டு உயிர்களுக்கு 300 சொற்களா?" என்று பொதுமக்களிடையே கடும் எதிர்ப்பு எழுந்தது. மூன்று நாள்களுக்குப் பிறகு, மே 22 அன்று, வாரியம் தனது உத்தரவை மாற்றியமைத்துச் சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பியது. பிணை வழங்கப்பட்ட விதம் குறித்து விசாரிக்க மாநில மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறை ஐந்து பேர் கொண்ட குழுவை அமைத்தது. நடைமுறைக் குறைபாடுகள் இருந்ததாக அக்குழு தெரிவித்தது. உறுப்பினர்களிடம் விளக்கம் கேட்கப்பட்டு, இறுதியில் இருவரின் நியமனமும் முடிவுக்குக் கொண்டுவரப்பட்டது.

நீதி அமர்வில் சமூகப் பணியாளர் ஏன்?

குற்றம் புரிந்ததாகக் கூறப்படும் குழந்தையைப் பெரியவர்களுக்கான நீதிமன்றத்தில் நிறுத்தக் கூடாது என்ற கருத்து இந்தியாவில் சட்ட வடிவம் பெற்று நூறு ஆண்டுகள் கடந்துவிட்டன. இதில் முன்னோடியாக அமைந்தது 1920-ஆம் ஆண்டின் சென்னை மாகாணக் குழந்தைகள் சட்டம். வங்காளம் 1922-இலும் பம்பாய் 1924-இலும் இதே போன்ற சட்டங்களை இயற்றின.

நாடு முழுமைக்குமான 1986-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், சிறார் நீதிமன்றத்துக்கு உதவ இரண்டு கௌரவ சமூகப் பணியாளர்கள் இருக்க வேண்டும் என்றது. அப்போது அவர்களின் பணி ஆலோசனை கூறுவது மட்டுமே. 2000-ஆம் ஆண்டின் சட்டம் இந்நிலையை அடியோடு மாற்றியது. நீதிமன்றத்துக்குப் பதிலாக வாரியம் உருவாக்கப்பட்டது. அதில் சமூகப் பணியாளர்கள் முழு உறுப்பினர்களாயினர்.

தற்போது நடைமுறையில் உள்ள 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதி (குழந்தைகள் பராமரிப்பு மற்றும் பாதுகாப்பு) சட்டத்தின் 4-ஆவது பிரிவின்படி, ஒவ்வொரு வாரியத்திலும் குறைந்தது மூன்றாண்டு அனுபவம் உள்ள ஒரு நீதித்துறை நடுவரும் இரண்டு சமூகப் பணியாளர்களும் இடம்பெறுவர். சமூகப் பணியாளர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். மூவரும் சேர்ந்த அமர்வுக்கு நடுவருக்குரிய அதிகாரங்கள் உண்டு. கருத்து வேறுபாடு எழுந்தால் பெரும்பான்மையினரின் கருத்தே செல்லும். எனவே இரண்டு சமூகப் பணியாளர்கள் ஒருமித்த கருத்தில் இருந்தால், நடுவரின் கருத்தையும் மீறி அவர்களது முடிவே வாரியத்தின் முடிவாகும்.

குழந்தையின் குடும்பச் சூழல், கல்வி, மனநிலை, தோழமை வட்டம் ஆகியவற்றை அறிந்தவரின் பார்வை தீர்ப்பில் இடம்பெற வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். தமிழ்நாட்டில் இளைஞர் நீதிக் குழுமம் என்று அழைக்கப்படும் அமைப்பும் இதே சட்டத்தின் கீழ்தான் இயங்குகிறது.

சட்டத்தின் பார்வையில் சமூகப் பணியாளர் யார்?

குழந்தைகளின் உடல்நலம், கல்வி அல்லது நலன் சார்ந்த பணிகளில் குறைந்தது ஏழு ஆண்டுகள் தீவிரமாக ஈடுபட்டிருக்க வேண்டும். அல்லது குழந்தை உளவியல், மனநல மருத்துவம், சமூகவியல், சட்டம் ஆகியவற்றில் ஒன்றில் பட்டம் பெற்றுத் தொழில் புரிபவராக இருக்க வேண்டும். இதுவே வாரிய உறுப்பினருக்குச் சட்டம் விதிக்கும் தகுதி. இந்தப் பட்டியலில் சமூகப்பணிப் பட்டம் இடம்பெறவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. அதேநேரம், பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தைகளுக்காக இதே சட்டத்தின் கீழ் அமைக்கப்படும் குழந்தைகள் நலக் குழுவுக்கான தகுதிகளில் சமூகப்பணிப் பட்டமும் சேர்க்கப்பட்டுள்ளது.

இந்தியாவில் முறையான சமூகப்பணிக் கல்வி 1936-இல் மும்பையில் தொடங்கப்பட்ட சர் தோராப்ஜி டாடா கல்வி நிலையத்துடன் ஆரம்பமானது. டாடா சமூக அறிவியல் நிறுவனம் என்று இன்று அறியப்படுவது அதுவே. சென்னை சமூகப்பணிக் கல்லூரி 1952-இலும், புனேயின் கர்வே சமூக சேவை நிறுவனம் 1963-இலும் தோன்றின. இத்தகைய நிறுவனங்களில் பயின்றவர்கள் மறைகாப்பு, பயனாளியின் தன்முடிவு உரிமை, தொழில் எல்லை ஆகியவற்றைப் பாடமாகக் கற்கின்றனர். வாரியத்தில் அமரும் அனைவரும் அப்பாடத்தைக் கற்றவர்களாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

இந்த இடைவெளியை ஈடுசெய்யவே, நியமனம் பெற்ற 60 நாள்களுக்குள் முதன்மை நடுவர் உள்பட அனைத்து உறுப்பினர்களுக்கும் பயிற்சி அளிப்பதை மாநில அரசு உறுதி செய்ய வேண்டும் என்று சட்டம் கூறுகிறது. குழந்தை உரிமைகளை மீறிய முன்பதிவு உள்ளவர்கள், குழந்தைத் தொழிலாளரை வேலைக்கு வைத்தவர்கள் போன்றோர் உறுப்பினராகத் தகுதியற்றவர்கள்.

விடுமுறை நாளில் தனி உறுப்பினர்

புனே வழக்கில் எழுந்த முதல் கேள்வி, ஒரே ஒரு உறுப்பினர் உத்தரவு பிறப்பிக்கலாமா என்பது. வாரியம் அமர்வில் இல்லாத நேரத்தில் சிறாரைத் தனி உறுப்பினர் ஒருவர் முன் முன்னிறுத்தலாம் என்று 7-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. பிடிபட்ட குழந்தை ஓர் இரவு கூடக் காவல் நிலையத்தில் வைக்கப்படக் கூடாது என்பதற்காகவே இந்த ஏற்பாடு. ஆனால் தனி உறுப்பினரின் உத்தரவு வாரியத்தின் அடுத்த அமர்வில் ஒப்புதலைப் பெற வேண்டும் என்று விதிகள் கூறுகின்றன. வழக்கை இறுதியாக முடித்துவைக்கும் உத்தரவுக்கோ முதன்மை நடுவர் உள்பட குறைந்தது இருவர் இருந்தாக வேண்டும்.

இரண்டாவது கேள்வி, பிணை வழங்கியதே தவறா என்பது. சட்டம் அவ்வாறு கூறவில்லை. 12-ஆவது பிரிவின்படி, குற்றம் பிணையில் விடத்தக்கதா இல்லையா என்ற வேறுபாடின்றிச் சிறாருக்குப் பிணை வழங்குவதே பொது விதி. விடுவித்தால் குற்றவாளிகளுடன் சேர நேரிடும், உடலளவிலோ மனத்தளவிலோ ஒழுக்க அளவிலோ ஆபத்து நேரிடும், நீதியின் நோக்கம் சிதையும் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால் மட்டுமே மறுக்கலாம். மறுத்தால் அதற்கான காரணத்தைப் பதிவு செய்ய வேண்டும்.

பிரச்சினை, அந்த முடிவை எட்டிய முறையில்தான் இருக்கிறது. விடுவிக்கப்படும் சிறார் யாருடைய கண்காணிப்பில் இருப்பார், அந்தக் கண்காணிப்பு பயனளிக்குமா, விசாரணைக்கு இடையூறு ஏற்படுமா என்பவற்றை ஆராய்வதற்காகவே சமூகப் பணியாளர் அந்த இருக்கையில் அமர்த்தப்படுகிறார். சிறார் பிடிபட்ட தகவலைக் காவல் துறை பெற்றோருக்கும் நன்னடத்தை அலுவலருக்கும் தெரிவிக்க வேண்டும். நன்னடத்தை அலுவலர் சமூகப் புலனாய்வு அறிக்கையைத் தயாரிக்க வேண்டும். குழந்தை முதன்முதலாக முன்னிறுத்தப்பட்ட 15 நாள்களுக்குள் அந்த அறிக்கையைப் பெறுவது வாரியத்தின் கடமைகளுள் ஒன்று.

கட்டுரை எழுதச் சொன்னது கேலிக்குள்ளானதற்கும் சட்ட அடிப்படையில் ஒரு விளக்கம் உண்டு. அறிவுரை, மனநல ஆலோசனை, சமூக சேவை போன்ற சீர்திருத்த நடவடிக்கைகளைச் சட்டம் 18-ஆவது பிரிவில் பட்டியலிடுகிறது. அவை விசாரணை முடிந்து, சிறார் தவறு புரிந்தார் என்று வாரியம் கண்டறிந்த பின் பிறப்பிக்கப்படும் உத்தரவுகள். பிணையின் தொடக்க நாளிலேயே அவற்றை ஒத்த நிபந்தனைகள் விதிக்கப்பட்டபோது, வழக்கே முடிந்துவிட்டது போன்ற தோற்றம் மக்களிடையே உருவானது. உண்மையில் வழக்கு அப்போதுதான் தொடங்கியிருந்தது.

மக்கள் சினமும் சட்டத்தின் எல்லையும்

இந்த வழக்கு எதிர்த்திசையிலும் ஒரு பாடத்தை அளித்தது. மக்கள் எதிர்ப்புக்குப் பிறகு சிறுவன் கூர்நோக்கு இல்லத்தில் வைக்கப்பட்டதை எதிர்த்து, அவருடைய தந்தையின் சகோதரி மும்பை உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு தாக்கல் செய்தார். நீதிபதிகள் பாரதி டாங்ரே, மஞ்சுஷா தேஷ்பாண்டே ஆகியோர் அடங்கிய அமர்வு, சிறுவனைக் கூர்நோக்கு இல்லத்தில் வைத்த உத்தரவுகள் சட்டவிரோதமானவை என்று 2024 ஜூன் 25 அன்று தீர்ப்பளித்தது. சிறுவனை அத்தையின் பராமரிப்பில் ஒப்படைக்கவும் ஆணையிட்டது.

பிணை உத்தரவு நடைமுறையில் இருக்கும்போதே ஒருவரை அடைத்து வைக்க முடியாது என்பதே தீர்ப்பின் சாரம். தனது உத்தரவுகளில் சில மாற்றங்களைச் செய்ய 104-ஆவது பிரிவு வாரியத்துக்கு அதிகாரம் அளித்தாலும், பிணையை மறைமுகமாகப் பறிக்க அதைப் பயன்படுத்த இயலாது. குற்றம் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும், சட்டத்துடன் முரண்பட்ட குழந்தையாகவே சிறாரை நடத்த நீதிமன்றம் கடமைப்பட்டுள்ளது என்றும் அமர்வு குறிப்பிட்டது.

ஆக, ஒரே வழக்கில் இரண்டு விதமான பிழைகள் வெளிப்பட்டன. முதல் நாளில் காட்டப்பட்ட விரைவு, அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்திய செயலாக அரசால் மதிப்பிடப்பட்டது. மூன்றாம் நாளில் காட்டப்பட்ட கடுமை, சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றத்தால் தள்ளப்பட்டது. செல்வாக்குக்கும் மக்கள் சினத்துக்கும் ஒருசேர இடம்கொடாமல் நடப்பதே வாரிய உறுப்பினரின் தொழில் அறம் என்பதை இவ்விரண்டு நிகழ்வுகளும் சேர்ந்தே உணர்த்துகின்றன.

சிறுவனைப் பெரியவராகக் கருதி விசாரிக்க வேண்டும் என்று காவல் துறை விடுத்த கோரிக்கையை வாரியம் 2025 ஜூலை 15 அன்று நிராகரித்தது. 16 முதல் 18 வயதுக்கு உட்பட்டவர்கள் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால் மட்டுமே இத்தகைய முதல்நிலை மதிப்பீட்டுக்குச் சட்டம் இடமளிக்கிறது. அந்த மதிப்பீட்டில் உளவியலாளர்கள், உளச்சமூகப் பணியாளர்களின் உதவியை வாரியம் பெறலாம் என்கிறது 15-ஆவது பிரிவு. வாரியத்தில் குழந்தை உளவியல் அல்லது மனநல மருத்துவப் பட்டம் பெற்றவர் இல்லாவிட்டால் அந்த உதவியைப் பெறுவது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2022 ஜூலையில் மற்றொரு வழக்கில் தெளிவுபடுத்தியது.

பேசாமல் இருக்கும் கடமை, பேசியே ஆக வேண்டிய கடமை

வாரியத்துக்கு வெளியே, தொண்டு நிறுவனங்களிலும் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் பணியாற்றும் சமூகப் பணியாளர்களுக்கும் சட்டம் கடமைகளை விதிக்கிறது. அவற்றில் இரண்டு ஒன்றோடொன்று மோதுவதாகத் தோன்றலாம்.

முதலாவது, மறைகாப்பு. சிறாரின் பெயர், முகவரி, பள்ளி, புகைப்படம் உள்ளிட்ட அடையாளங்களை வெளியிடுவதைச் சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு தடை செய்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வாரியத்தின் முன் வைக்கப்படும் அறிக்கைகள் இரகசியமானவை என்று 99-ஆவது பிரிவு கூறுகிறது. பரபரப்பான வழக்கில் செய்தியாளர்களிடம் ஒரு தகவலைக் கசியவிடும் பணியாளர், நல்ல நோக்கத்துடன் செய்திருந்தாலும் சட்டத்தை மீறியவராவார்.

இரண்டாவது, முறையிடும் கடமை. குழந்தை பாலியல் குற்றத்துக்கு உள்ளானதை அறிந்தவர், அல்லது அத்தகைய குற்றம் நிகழக்கூடும் என்று அஞ்சுபவர், சிறப்புச் சிறார் காவல் பிரிவுக்கோ உள்ளூர்க் காவல் துறைக்கோ தகவல் அளித்தாக வேண்டும் என்று 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு கூறுகிறது. தகவல் அளிக்கத் தவறினால் ஆறு மாதம் வரையும், நிறுவனப் பொறுப்பாளராக இருந்து தமக்குக் கீழ் பணியாற்றுபவர் இழைத்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரையும் சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். இக்கடமையை மீறுவது குற்றவாளிகளைக் காப்பதற்குச் சமம் என்ற நோக்கில், மகாராஷ்டிர அரசு தொடர்ந்த ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2022 நவம்பரில் இதன் முக்கியத்துவத்தை வலியுறுத்தியது.

வழக்கறிஞருக்கும் கட்சிக்காரருக்கும் இடையிலான உரையாடலுக்குச் சாட்சியச் சட்டம் அளிக்கும் பாதுகாப்பு, சமூகப் பணியாளருக்கு இல்லை. எனவே "நீ சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று ஒரு குழந்தையிடம் வாக்களிப்பது, காப்பாற்ற முடியாத வாக்காகிவிடும். மறைகாப்பின் எல்லை எது, எந்தச் சூழலில் தகவல் பகிரப்படும் என்பதை உரையாடலின் தொடக்கத்திலேயே குழந்தைக்குப் புரியும் மொழியில் தெரிவிப்பதே முறையான நடைமுறை. மனநல மருத்துவமனைகளில் பணியாற்றுவோருக்கு 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதே சமநிலையை வகுத்துள்ளது: நோயாளியின் தகவல் இரகசியமானது, பிறருக்குத் தீங்கு நேராமல் தடுக்க வேண்டிய நிலையில் தேவையான அளவு மட்டும் வெளியிடலாம்.

தவறினால் கேட்பது யார்?

வழக்கறிஞர் தொழில்நெறி தவறினால் 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி பார் கவுன்சில் விசாரிக்கும். மருத்துவர்களுக்கு மருத்துவ ஆணையமும் மாநிலக் கவுன்சில்களும் உள்ளன. சமூகப்பணித் தொழில் முழுமைக்குமான பதிவோ, உரிமமோ, ஒழுங்குமுறைக் கவுன்சிலோ இந்தியாவில் இல்லை. மருத்துவ, மனநலத் துறைச் சமூகப் பணியாளர்கள் மட்டும் 2021-ஆம் ஆண்டின் சார்பு மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டத்தின் வரம்புக்குள் வருகின்றனர்.

நெறிமுறைகளே இல்லை என்று பொருளல்ல. சமூகப்பணிக் கல்வியாளர்கள் 1997-இல் ஓர் அறநெறிப் பிரகடனத்தை வெளியிட்டனர். 2005-இல் தொடங்கப்பட்ட தொழில்முறைச் சமூகப் பணியாளர்களின் தேசியச் சங்கமும் தனக்கென ஒரு நெறிமுறையை வகுத்துள்ளது. உலக அளவிலான அறக்கோட்பாடுகள் 2018-இல் புதுப்பிக்கப்பட்டன. ஆனால் இவற்றை மீறியவரைத் தொழிலிலிருந்து விலக்கும் சட்ட அதிகாரம் எந்த அமைப்பிடமும் இல்லை. ஒப்பிட்டால், பிலிப்பைன்ஸ் 1965-இலேயே சமூகப்பணித் தொழிலைச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. இங்கிலாந்தில் சமூகப் பணியாளர்களைப் பதிவு செய்து, புகார்களை விசாரிக்கும் தனி அமைப்பு 2019 டிசம்பர் முதல் இயங்குகிறது.

வாரிய உறுப்பினர்களைப் பொறுத்தவரை இருக்கும் ஒரே நேரடிக் கருவி, சிறார் நீதிச் சட்டத்தின் 4-ஆவது பிரிவின் 7-ஆவது உட்பிரிவு. அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தியது, தொடர்ந்து மூன்று மாதம் காரணமின்றி வராதது, ஓராண்டில் நான்கில் மூன்று பங்குக்கும் குறைவான அமர்வுகளில் கலந்துகொண்டது, தகுதி இழந்தது ஆகிய காரணங்களுக்காக, விசாரணை நடத்திய பிறகு மாநில அரசு ஓர் உறுப்பினரை நீக்கலாம். முதன்மை நடுவருக்கு இது பொருந்தாது. அவர் உயர் நீதிமன்றத்தின் நிர்வாகக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவர்.

நியமனம் செய்வதும் விசாரிப்பதும் நீக்குவதும் ஒரே அரசு என்பதால், இந்த ஏற்பாட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. மக்கள் கவனத்தை ஈர்த்த வழக்கில் விரைந்து செயல்படும் அரசு, யாரும் கவனிக்காத வழக்குகளில் எவ்வாறு செயல்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. மறுபுறம், மக்கள் விரும்பாத ஆனால் சட்டப்படி சரியான முடிவை எடுக்கும் உறுப்பினருக்குத் தொழில்சார் பாதுகாப்பும் இல்லை.

பெற்றோர் அறிய வேண்டியவை

சிறார் ஒருவர் பிடிபட்டால், உடனடியாகவும் 24 மணி நேரத்துக்குள்ளும் வாரியத்தின் முன் முன்னிறுத்தப்பட வேண்டும். அவரைக் காவல் நிலையச் சிறையிலோ பெரியவர்களுக்கான சிறையிலோ அடைக்கக் கூடாது. நடப்பவற்றைப் புரிந்துகொள்ளவும் பங்கேற்கவும் குழந்தைக்கும் பெற்றோருக்கும் உரிமை உண்டு. அதை உறுதி செய்வதும், சட்ட உதவி கிடைக்கச் செய்வதும் வாரியத்தின் கடமை. வாரியத்தின் உத்தரவால் பாதிக்கப்பட்டவர், சட்டம் விலக்களித்துள்ளவை தவிர்த்த உத்தரவுகளை எதிர்த்து 30 நாள்களுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

உயிரிழந்தவர்களின் குடும்பத்தினருக்கும் இந்த நடைமுறை முக்கியமானது. அவசரமாக, போதிய ஆய்வின்றிப் பிறப்பிக்கப்படும் உத்தரவு சிறாருக்கு உதவுவது போலத் தோன்றினாலும், பின்னர் எழும் எதிர்ப்பில் சிறாரும் பாதிக்கப்படுகிறார். நீதி கிடைக்கும் என்ற பாதிக்கப்பட்டோரின் நம்பிக்கையும் குலைகிறது. பிணை வழங்கினாலும் மறுத்தாலும், எதன் அடிப்படையில் அம்முடிவு எட்டப்பட்டது என்பது கோப்பில் தெளிவாக இருந்தால், அதை மேல் நீதிமன்றம் ஆராயலாம், மக்களும் புரிந்துகொள்ளலாம். புனே வாரியத்தின் முதல் உத்தரவைச் சூழ்ந்த சர்ச்சையின் மையம் அந்தத் தெளிவின்மையே.